ஆச்சிக்குப் பொறந்த ஊரு எட்டயபுரம்

வாய்யா கட்டபொம்மா, வா. பாஞ்சாலங்குறிச்சியைப் பாத்துட்டு வந்தாச்சாக்கும்? மூஞ்சியெல்லாம் கருசப் புழுதி, கண்ணு ரெண்டும் கோவைப்பழம். வெயில்ல பைக் ஓட்டுனா அப்படித்தான் இருக்கும், வீரம்னு நினைச்சுக்கிடாத. திண்ணையிலயே உக்காரு. இப்ப உள்ள போயிராத. நீ வாசல்ல நின்னு போன்ல பேசுனது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. பெட்ரோலுக்குக் காசு குடுக்காம நழுவுன கூட்டாளியை 'எட்டப்பன் பய'ன்னு சொன்னியே, அந்த நிமிசம் உள்ள ஒரு பித்தளைச் சொம்பு கீழ விழுந்துச்சு. அது தானா விழல. உங்க ஆச்சிக்குப் பொறந்த ஊரு எதுன்னு மறந்துபோச்சா?

எனக்கு எட்டயபுரத்துல பொண்ணு பாத்திருக்குன்னு சொன்னதும் எங்க சித்தப்பா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? பொண்ணு கறுப்பா செவப்பான்னு கேக்கல, எத்தனை பவுன்னு கேக்கல. 'நம்பலாமா?'ன்னு கேட்டாரு. அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அவ என்னைக் காட்டிக்குடுத்ததுன்னா ஒண்ணே ஒண்ணுதான், பீடி குடிச்சதை டாக்டர்கிட்ட.

சரி, போனை எடு. எத்தனை படம் எடுத்த? நூத்தி நாப்பதா! பாரு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பானர்மேன் கொண்டாந்த படையில அத்தனை குண்டு இருந்துச்சோ என்னமோ. ஒண்ணொண்ணாத் தள்ளு. எனக்கும் கண்ணு தெரியும். பஞ்சாயத்து நூலகத்துல முப்பது வருசம் கூட்டிப் பெருக்கினவன் நானு. தரையோட சேத்து அலமாரியையும் பெருக்கிட்டேன், அதான் விவரம்.

இது கோட்டை மதிலு. இது மதிலோட நீ. இது மதில்மேல கையை வச்சு நீ. இது மதிலைப் பாத்து யோசிக்கிற மாதிரி நீ. 'இருநூறு வருசத்துக் கல்லு என்கிட்ட பேசுது'ன்னு கீழ எழுதி வேற போட்டிருக்க. ராசா, அந்த மதிலு 1974ல கவர்மெண்டு கட்டினது. நான் அதுக்கு மூத்தவன். புராதனச் சின்னத்தோட படம் எடுக்கணும்னா என் தோள்ல கை போட்டு எடுத்திருக்கலாம், பெட்ரோல் செலவு மிச்சம்.

பழைய கோட்டை எப்படி இருந்துச்சுன்னா, முழுக்க மண்ணு. ஒரு பக்கம் 500 அடி, மறுபக்கம் 300 அடி, அம்புட்டுதான். அளவு சொன்னது யாருங்கிற? 1801 சண்டையில எதிர்ப்பக்கம் நின்ன ஜேம்ஸ் வெல்ஷுன்னு ஒரு வெள்ளைக்காரன். 1830ல புத்தகமாவே போட்டுட்டான். நம்ம ஊரு பெரிய சம்சாரி தோட்டத்துக்கு வேலி அடைச்சாக்கூட அதைவிடப் பெருசா இருக்கும். அந்த மண்ணுக்கோட்டை வாசல்லதான் 1799 செப்டம்பர் 5ஆம் தேதி பானர்மேன் படை முட்டி மோதித் திரும்புச்சு. கருங்கல்லுல குண்டு பட்டா சில்லு தெறிக்கும். மண்ணுல பட்டா உள்ள போயி உக்காந்துக்கிடும், மாமியா வீட்டு மாப்பிள்ளை மாதிரி.

மண்ணை வச்சுக்கிட்டு பீரங்கிக்காரனைத் தடுத்தான்னு சொன்னா அது பெருமையா, கல்லுக்கோட்டைக்குள்ள பத்திரமா இருந்தான்னு சொன்னா பெருமையா? நீயே சொல்லு. ஆனா மண்ணு போட்டோவுல எடுக்காது பாரு. அதனால கோட்டைன்னா உயரமா, கல்லா இருக்கணும். அந்த எண்ணம் எங்க இருந்து வந்துச்சு? 1959ல வந்த சினிமாவுல இருந்து. சண்டைக் காட்சியை எடுக்க ஜெய்ப்பூருக்குப் போனாகப்பா! நாம மனசுக்குள்ள வச்சிருக்கிற பாஞ்சாலங்குறிச்சியில பாதி ராஜஸ்தான்ல இருக்கு.

அசலைப் பாக்கணும்னா, பழைய கோட்டையோட அஸ்திவார மிச்சம் இருக்கில்ல, அங்க போயிருக்கணும். இந்தா இருக்கே ஒரு படம், மங்கலா. என்னது இது, உன் பெருவிரலா? சரி.

அடுத்ததைத் தள்ளு. ஆ, சிலை. மீசையைப் பாத்தியா? யாரு மீசை அது? கட்டபொம்மன் மீசைங்கிற. நமக்கெல்லாம் தெரிஞ்ச கட்டபொம்மன் முகம் சிவாஜி கணேசன் முகம்தான். எங்க காலத்துல கட்டபொம்மன்னு நினைச்சா கண்ணு முன்னாடி வந்து நிக்கிறது அவருதான், காதுல கேக்குறதும் அவரு தொண்டைதான். அந்த மனுசனும் நடிச்சோம், காசு வாங்குனோம்னு போகல. கயத்தாத்துல தன் காசுல இடம் வாங்கிச் சிலை வச்சாரு. அதை மறக்கக் கூடாது. ஆனா ஒரு ஆளு அவ்வளவு நல்லா நடிச்சிட்டா, நடிப்பு எது, நடந்தது எதுன்னு பிரிக்கிறது பெரும்பாடு. பாலோட கலந்த தண்ணி மாதிரி.

ஜாக்சன் துரையைக் கேள்வி கேக்குற வசனம் உனக்கு மனப்பாடம்தான? ஸ்கூல்ல மாறுவேடப் போட்டியில பேசி டிபன் பாக்ஸ் வாங்குனவன்தானே நீ. கிஸ்தியைப் பத்தின வசனம் அது. பேசிக் காட்ட வேண்டாம், கோழி மிரளும். நான் கேக்குறது வேற. கட்டபொம்மன் கிஸ்தி கட்டினானா, கட்டலையா?

முழிக்கிற பாரு.

கட்டினான்யா. 1798ல கம்பெனிக் கணக்குப்படி அவன் பாக்கி 3310 பகோடா. அதுல பெரும்பகுதியைக் கட்டிக் கழிச்சு, கடைசியா 1080 பகோடாதான் நின்னுது. வீரன் வரி கட்டினான்னு எந்தச் சுவத்துலயாவது படம் பாத்தியா? குதிரையில வாளோட போற மாதிரிப் படம் எழுதலாம். பணப்பையைத் தூக்கிட்டுப் போயி எண்ணி வைக்கிற மாதிரி எழுதுனா எவன் நின்னு பாப்பான்? ஆனா சம்சாரிக்குத் தெரியும் அதுல உள்ள சூட்சுமம். உங்க அப்பன் சொசைட்டிக் கடனை வட்டி மட்டும் கட்டி மூணு வருசம் தள்ளுனானே, அவனைக் கோழைன்னா சொன்னோம்? வெள்ளாமை வீடு வந்து சேர்ற வரைக்கும் நாளைக் கடத்துனான்னுதான சொன்னோம்? கட்ட முடிஞ்சதைக் கட்டி, முடியாதப்ப முறுக்கிக்கிட்டு நிக்கிறவனைத்தான் எனக்குப் புரியுது. பொறந்ததுல இருந்தே வாளை உருவிக்கிட்டு நின்னவனைச் சிலைக்குத்தான் புரியும்.

ஜாக்சன் சங்கதியும் அப்படித்தான். ராமநாதபுரத்துக்கு வான்னான் கலெக்டரு. நடுவுல குத்தாலத்துல பாக்கப் போனா முடியாதுன்னான், ஸ்ரீவில்லிபுத்தூர்ல முடியாதுன்னான். கடைசியில 1798 செப்டம்பர்ல ராமநாதபுரத்துல பாத்தப்ப மூணு மணி நேரம் நிக்க வச்சே பேசினான். தாலுக்கா ஆபீஸ்ல பட்டா மாத்தப் போனவனுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. எனக்கு அந்த இடம்தான் நெஞ்சைக் குத்தும். ஒரு சீமைக்கு ராசா, காலு கடுக்க நிக்கிறான். சினிமாவுல அந்த வலியெல்லாம் வசனமா மாறிப்போச்சு, கை தட்டிட்டு வந்துட்டோம். அப்புறம் கம்பெனிக்காரனே விசாரிச்சு, ஜாக்சனைத் தூக்கிட்டு லூஷிங்டனைக் கொண்டாந்து போட்டான். சொந்த ஆளு செஞ்சது தப்புன்னு கம்பெனி ஒத்துக்கிட்ட சேதி இது. நம்ம பக்கத்துக்கு இதைவிடத் தோதான சாட்சி வேணுமா? ஆனா அதைச் சொன்னா வெள்ளைக்காரன்ல நியாயம் பாத்தவனும் இருந்தான்னு ஆயிரும். அதனால அதைச் சொல்றதுக்கு நமக்கு நாக்கு கூசுது.

சிரிக்காத. இப்ப முக்கியமான கேள்விக்கு வாறேன். இந்த நூத்தி நாப்பதுல கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையோட நீ எடுத்த படம் எத்தனை?

தேடு, தேடு. நான் வெத்தலை போட்டுக்கிறேன்.

இல்லையா? நினைச்சேன். வசனம் பேசாதவனோட எவன் செல்ஃபி எடுப்பான்! இத்தனைக்கும் 1799 சண்டை கோட்டையில சில நாள்ல முடிஞ்சுபோச்சு. 5ஆம் தேதி அடிச்சாக, அப்புறம் சீக்கிரமே கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறிட்டான். 1801ல தம்பி நடத்துனது நாலு மாசச் சண்டை. அந்த வருசம் பிப்ரவரி 2ஆம் தேதி பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்து தப்பிக்கிறான். அன்னைக்கு ராத்திரி துரைமாரும் துரைசானிமாரும் விருந்துல உக்காந்திருந்தாகன்னு வெல்ஷே எழுதியிருக்கான். கோழிக்கறியைக் கடிச்ச வாய் கடிச்சபடி நின்னிருக்கும். 9ஆம் தேதி கம்பெனித் துரை மெக்காலே படையோட வந்து பாத்தா, முந்தின சண்டைக்கப்புறம் இடிச்சுத் தரைமட்டமாக்குன கோட்டை எந்திரிச்சு நிக்குது. ஏழே நாளு! நம்ம ஊரு நிழற்குடைக்கு அடிக்கல் நாட்டி எத்தனை வருசம் ஆச்சு, கணக்குப் போடு. கல்லுல கட்டியிருந்தா முடியுமா? மண்ணுங்கிறதாலதான் முடிஞ்சுது. ஊரே கூடைய எடுத்திருக்கும்.

அந்த மண்ணுக்கோட்டை மார்ச் 31ஆம் தேதி விழுந்த அடியைத் தாங்குச்சு. மேல இருந்து ஆளு, பீரங்கியெல்லாம் வரவழைச்சு, ஆக்னியூன்னு ஒரு துரை தலைமையில மே 24ஆம் தேதிதான் பிடிக்க முடிஞ்சுது.

படையை எப்படி நடத்துனான் தெரியுமா, வாய் பேச வராத மனுசன்? இதையும் வெல்ஷ்தான் சொல்றான். கொஞ்சம் வைக்கோல் துரும்பை எடுத்து இடது உள்ளங்கையில அடுக்குவானாம். அதுதான் வெள்ளைக்காரப் படை. நேரம் இதுன்னு சாடை காட்டுவானாம். அப்புறம் வலது கையால அந்தத் துரும்பை அப்படியே வழிச்சுத் தள்ளுவானாம், வாயில 'விஸ்'ஸுன்னு ஒரு சத்தத்தோட. அவ்வளவுதான் உத்தரவு. கூட்டம் பாஞ்சிரும்.

இந்தா, கூரையில இருந்து ரெண்டு துரும்பு உருவித் தாறேன், கையில வச்சுப் பாரு. இத்துனூண்டு. இதை எந்தச் சிற்பி செதுக்குவான்? கட்டபொம்மனுக்கு வாளு இருக்கு, அது வெண்கலத்துல வார்க்கத் தோதா இருக்கு. வைக்கோலை வெண்கலத்துல வார்த்தா பல்லுக்குத்துற குச்சி மாதிரில்ல தெரியும். ஆனா என்னைக் கேட்டா, அந்த உள்ளங்கைதான் நான் பாக்கணும்னு ஆசைப்படுற இடம்.

இன்னொண்ணு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் தண்ணி குடி. கோட்டை விழுந்த அன்னைக்கு ஊமைத்துரை காயம்பட்டுப் பொணத்தோட பொணமாக் கிடக்கான். மகனைத் தேடிப் பக்கத்து ஊருப் பொம்பளை ஒருத்தி வாறா. மகனுக்கு உசிரு இருக்கு. தூக்கப் போனா, மகன் சொல்றான், என்னை விடு ஆத்தா, பக்கத்துல சாமி கிடக்காரு, அவரைத் தூக்குன்னு. பெத்த மகனை விட்டுட்டு ஊமைத்துரையைத் தூக்கிட்டுப் போறா. பின்னாலயே தேடி ஆளு வருது. என்ன செஞ்சா தெரியுமா? மேல துணியை மூடிட்டு, கூட இருந்த பொம்பளைகளும் சேந்து ஒப்பாரி வச்சிட்டாக, அம்மை போட்டுச் செத்துப்போச்சுன்னு. அம்மைன்னு கேட்டதும் தேடி வந்தவன் எடுத்தான் ஓட்டம். பீரங்கி செய்யாததை மாரியாத்தா பேரு செஞ்சுது.

தேடி வந்தது எந்த ஊரு ஆளுங்கிறியா? ம்… எட்டயபுரத்து ஆளு. மெதுவாப் பேசு.

அந்தப் பொம்பளை பேரு என்ன? தெரியாது. எழுதி வைக்கல. எழுதுனவன் வெள்ளைக்காரன், அவனுக்குக் கதை போதும். நம்மாளுக்கு மீசை போதும். அவ மகன் என்ன ஆனான்னு நினைச்சா எனக்கு இப்பவும் வெத்தலை கசக்கும்.

ஊமைத்துரையை அப்புறம் பிடிச்சு, 1801 நவம்பர் 16ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலயே தூக்குல போட்டாக. கோட்டையை இடிச்சு, உழுது, ஆமணக்கு விதைச்சாகன்னும், ஊரு பேரையே கணக்குல இருந்து அடிச்சாகன்னும் சொல்லுவாக. ஆமணக்கு விதைச்சவன் நெனப்பும் ஒரு கண்காட்சிதான் ராசா. என்ன, அவன் போர்டு வைக்கல, போர்டை அழிச்சான். நாம வச்சோம். அவன் வேணாம்னு நினைச்சதை அவன் விட்டான், நாம வேணாம்னு நினைச்சதை நாம விட்டோம். தொழிலு ஒண்ணுதான்.

அடுத்த படம் என்ன? வெறும் கல்லறை மாதிரி… வெள்ளைக்காரன் கல்லறையா? ஒண்ணே ஒண்ணு எடுத்திருக்க, அதுவும் பைக் மேல இருந்துக்கிட்டே. இறங்கலையா? 'எதிரி கல்லறையில என்ன இருக்கு'ன்னா கேக்குற? சொல்றேன். கோட்டைக்குள்ள அவுக பக்கம் விடுபட்டிருக்கு. கல்லறையில நம்ம பக்கம் விடுபட்டிருக்கு. ரெண்டுலயும் சேந்து விடுபட்டவன் ஒருத்தன் இருக்கான். கம்பெனிப் படையில துப்பாக்கி தூக்குனதுல பெரும்பகுதி யாரு? இந்தச் சீமைச் சிப்பாய்தான், சம்பளத்துக்குப் போனவன். அவனும் அந்த மண்ணுமதிலுக்கு முன்னாடி செத்தான். அவன் பேரை வெள்ளைக்காரன் கல்லுல வெட்டல, சிப்பாய்தானேன்னு. நாமும் வெட்டல, துரோகிதானேன்னு. அவன் பொண்டாட்டி எங்க போயி அழுதிருப்பா?

கோபம் வருதா உனக்கு? வரட்டும். கோட்டைக்குள்ள வந்ததைவிட இது நல்ல கோபம்.

இன்னும் ஒரு வேடிக்கை. அங்க தப்பிச்சு வந்தவுக, செத்தவுக எல்லாம் ஒரே பக்கம் நின்னவுகதான? வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம், தானாபதிப் பிள்ளை, எல்லாரும் ஒரே கஞ்சியைக் குடிச்சு ஒரே மதிலுக்குப் பின்னால நின்னாக. இன்னைக்கு வெள்ளையத்தேவனுக்கு வல்லநாட்டுல மண்டபம், சுந்தரலிங்கத்துக்குக் கவர்னகிரியில மண்டபம். வைக்க வேண்டியதுதான், வேணாம்னு சொல்ல நான் யாரு. ஆனா எந்த மண்டபத்துக்கு எந்தத் தேதியில எந்தக் கொடி கட்டுன வண்டி போகும்னு டீக்கடைக்காரனுக்கு அத்துபடி. ஒண்ணாச் செத்தவுக வீட்டு ஆளுக இப்ப மாலை போட மட்டும் தனித்தனியாப் போறாக. பானர்மேன் பாத்தா, இதைச் செய்யவா நான் அவ்வளவு செலவு பண்ணிப் பீரங்கி கொண்டாந்தேன்னு தலையில அடிச்சுக்கிடுவான்.

'இந்தியாவின் முதல் விடுதலைப் போர்'னு எழுதியிருந்துச்சுன்னு பூரிச்சுப்போறியா? நெற்கட்டும்செவலுக்குப் போ, பூலித்தேவன்தான் முதல்னு சொல்லுவாக. சிவகங்கைக்குப் போ, வேலுநாச்சியார்னு சொல்லுவாக. வேலூருக்குப் போனா 1806. வடக்க போனா 1857. கோவில்பட்டியில எந்தக் கடலைமிட்டாய்க் கடையிலயாவது 'இரண்டாவது சிறந்தது'ன்னு போர்டு பாத்திருக்கியா? விடு அதை.

இப்ப ஆச்சி விசயத்துக்கு வருவோம். உள்ள சத்தம் அடங்கிருச்சு, காதைக் கதவுல வச்சிருக்கான்னு அர்த்தம்.

எட்டயபுரத்தான் கம்பெனியோட நின்னது நெசம். ஆச்சி கேட்டாலும் அதை நான் மறைக்கப்போறதில்ல. கயத்தாத்துல 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்குல போடையில மத்தப் பாளையக்காரங்களை வரச்சொல்லி நிறுத்தி வச்சிருந்தான் பானர்மேன். மறுநாள் அவனே எழுதுன கடிதத்துல இருக்கு. கட்டபொம்மன் கொஞ்சமும் அசரலையாம். எட்டயபுரத்தானையும் சிவகிரியானையும் எளக்காரமா ஒரு பார்வை பாத்தானாம். கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அங்கனயே சண்டைபோட்டுச் செத்திருக்கணும்னு வருத்தப்பட்டானாம். அவன் வீரத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. சாட்சி சொன்னவன் யாரு? கயித்தைப் போட்டவன்! நம்ம ஆளு சொன்னா பாசத்துல சொல்லுதான்னு தள்ளலாம். எதிரியே வாய்விட்டுச் சொல்றான். அதனாலதான் சொல்றேன், எதிரி எழுதுனதை எரிக்காத, படி. திட்டிக்கிட்டே படி, ஆனா படி.

அப்ப எட்டயபுரம் குத்தவாளியா? எல்லைத் தகராறு, ஊருத் தகராறு இவுக ரெண்டு பேருக்கும் கம்பெனிக்கு முன்னாடியே இருந்துச்சு. வரப்புத் தகராறுல பங்காளியை மாட்டிவிட போலீஸைக் கூட்டிட்டு வாறவன் நம்ம தெருவுலயே ரெண்டு பேரு இருக்கான். இந்தியான்னு ஒரு நாட்டையே எவனும் நினைச்சுப் பாக்காத காலத்துல, நாட்டைக் காட்டிக்குடுத்தான்னு கேஸ் போடுறோம். அவன் காட்டிக்குடுத்தது பக்கத்துத் தோட்டக்காரனை. அது சின்னத்தனம்தான், இல்லைங்கல. கூலியா நிலமும் வாங்கிக்கிட்டான்.

ஆனா கட்டபொம்மனைக் கையில பிடிச்சுக் குடுத்தது யாரு? புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆளு. பிடிச்சது அவரு சீமைக் காட்டுல. இன்னைக்கு வரைக்கும் யாரையாவது 'தொண்டைமான் வேலை பாத்துட்டான்'னு திட்டிக் கேட்டிருக்கியா? வாய்க்கு வசதியா இல்ல, அவ்வளவுதான் சங்கதி. 'எட்டப்பன்'னு சொன்னா பல்லைக் கடிச்சுச் சொல்லத் தோது. இத்தனைக்கும் அது ஆளு பேரே இல்ல, தலைமுறை தலைமுறையா வந்த பட்டம். ஆதரவில்லாத எட்டுப் பேருக்கு அப்பனா நின்னு காப்பாத்துனதால வந்த பட்டம்னு அரண்மனைக் கதை. எட்டுப் பேரைக் காப்பாத்துன பேரு, இப்பப் பெட்ரோல் காசு குடுக்காதவனுக்கு வந்து நிக்குது.

நீ போன வழி எது? எட்டயபுரம் தாண்டிக் குறுக்குச்சாலை போயித்தான திரும்புன? எட்டயபுரத்துல வண்டியை நிப்பாட்டுனியா? 'துரோகி ஊருல தண்ணிகூடக் குடிக்கமாட்டேன்'னு சபதம் போட்டீகளாக்கும் நாலு பேரும்! அடப் பாவிகளா. பாரதி பொறந்த வீடு அங்கதான இருக்கு. 1882ல பொறந்தவரு, பதினோரு வயசுல 'பாரதி'ன்னு பட்டம் வாங்குனது அந்த ஊரு சபையிலதான். முத்துசாமி தீட்சிதர் 1835ல கண்ணை மூடுன ஊரு அது, சமாதி இருக்கு. சீறாப்புராணம் பாடுன உமறுப்புலவர் அடக்கமான ஊரும் அதுதான். கம்பெனியோட நின்ன ஊருல இத்தனை பேரு தங்கியிருக்காக. அதே மாதிரி பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்துல ஒட்டப்பிடாரத்துல வ.உ.சி. பொறந்தாரு. எட்டயபுரத்துப் பாரதியும் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யும் சந்திச்சப்ப, உங்க பாட்டன் எங்க பாட்டனைக் காட்டிக்குடுத்தான்னா சண்டை போட்டாக? ஒருத்தர் கப்பல் விட்டாரு, இன்னொருத்தர் பாட்டு எழுதுனாரு.

நீ கெட்டுப்போயிட்டன்னு நான் சொல்லல. கோட்டையைப் போயிப் பாத்ததே பெரிசு, உங்க அப்பன் அந்த வயசுல தியேட்டரைத் தவிர எதையும் பாத்ததில்ல. ஆனா அடுத்தமுறை எந்தச் சண்டைக்களத்துக்குப் போனாலும் போர்டைப் படிச்சு முடிச்சதும், அந்த போர்டு எழுதுனவன் எந்தப் பக்கத்துத் திண்ணையில உக்காந்து எழுதியிருப்பான்னு ஒருக்கா நினைச்சுப் பாரு. பெயிண்டருக்குக் கூலி குடுத்தது யாருன்னு பாரு. சுத்திக் காட்டுறவர் மூச்சுவிடாமப் பேசுற இடத்துல கொஞ்சம் நில்லு, அவசரமா நகர்த்திட்டுப் போற இடத்துல இன்னும் ரொம்ப நேரம் நில்லு. நான் சொன்னதையும் அப்படியே நம்பாத. நான் எட்டயபுரத்துல பொண்ணு கட்டுனவன், என் திண்ணையும் ஒரு பக்கம் சாஞ்சுதான் இருக்கும். கேளு உங்க ஆச்சியை, முட்டுக்குடுத்தது அவதான்.

ஞாயித்துக்கிழமை வண்டியை எடு. கார்ல போவோம், ஆச்சியும் வரட்டும். முதல்ல எட்டயபுரத்துல இறங்கி அவ அண்ணன் வீட்டுல காப்பி குடிப்போம். அப்புறம் பாரதி வீடு. அதுக்கப்புறம் பாஞ்சாலங்குறிச்சி. சிமெண்டு மதிலை விட்டுட்டு பழைய அஸ்திவாரத்துக்கிட்டப் போயி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாப்போம், ஏழு நாள்ல எந்திரிச்சது அதுதான். திரும்பும்போது அந்தக் கல்லறைக்கிட்ட நீ பைக்ல இருந்து இறங்காம விட்டியே, அங்க பத்து நிமிசம் இறங்கி நிப்போம்.

வைக்கோல் துரும்பு இன்னும் கையிலயே வச்சிருக்கியே, கீழ போடு. உள்ள காப்பி வாசம் வருது, கோபம் தணிஞ்சிருச்சு. போயிக் குடி. பெட்ரோல் காசு குடுக்காத அந்தப் பயலுக்கு மட்டும் வேற ஒரு பேரு யோசிச்சுக்கிட்டே போ.